எழுதிவிட்டேன் என்று சொன்ன டிஸ்க்

காத்திருப்பது எனக்கு ஆகாது, ஐயா. லிஃப்ட் வரத் தாமதமானால் படியேறிப் போய்விடுவேன். ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவுக்கு என்னைத் தலைவனாகப் போட்டதற்கு இந்தச் சுறுசுறுப்புதான் காரணம் என்று நினைக்கிறேன். வேறு காரணம் எதையும் இதுவரை யாரும் சொன்னதில்லை.

நோயாளிகளின் விவரமெல்லாம் இருக்கிற டேட்டாபேஸுக்குப் புது சர்வர் வாங்க வேண்டியிருந்தது. என்னிடம் வேலை பார்க்கும் பொறியாளர் பெண் ஒரு டிஸ்க்கைச் சிபாரிசு செய்தாள். உண்மையிலேயே எழுதி முடித்த பிறகுதான் அது "எழுதிவிட்டேன்" என்று பதில் சொல்லுமாம். அதனால் ஆமை வேகம். நான் தேர்ந்தெடுத்தது, கொடுத்த மாத்திரத்தில் "எழுதிவிட்டேன்" என்று சொல்லிவிடும். சமர்த்து.

"அது பொய் சொல்லுது சார். கரண்ட் போனா கடைசியா ஏத்தினது எல்லாம் காணாமப் போயிடும்" என்றாள். சொன்னதோடு விடாமல், நான் தேர்ந்தெடுத்ததில் ஒரு மாதிரியை வரவழைத்து ஓடவிட்டு, அதிகாரிகள் முன்னிலையில் பிளக்கைப் பிடுங்கியும் காட்டினாள். கடைசிப் பதிவுகள் காணோம்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆஸ்பத்திரியில யாராவது பிளக்கைப் பிடுங்கி விளையாடுவாங்களாம்மா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்கு 'மெதுவா மேடம்' என்று பெயர். நான் வைத்ததுதான், நன்றாக ஒட்டிக்கொண்டது.

என் டிஸ்க் வந்தது. பெரிய டாக்டர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பிறகு அவளுடைய அம்மாவையே எங்களிடம் சேர்க்க வேண்டி வந்தது. நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல். ஒரு மருந்து அம்மாவுக்குச் சேராது என்று அவள் சொல்ல, வார்டு நர்ஸ் கணினியில் ஏற்றினார். ஏற்றிய கையோடு கரண்ட் போனது. யுபிஎஸ்ஸும் காலை வாரிவிட்டது. அதுவும் என் தேர்வுதான். கரண்ட் வந்ததும் அவளிடமிருந்து போன்.

"சார், அம்மாவுக்கு அந்த மருந்து ஆகாதுன்னு இப்பதான் ஏத்தினாங்க. அது இருக்கான்னு கொஞ்சம் பாருங்க சார்."

பார்த்தேன். இல்லை.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். மறுநாள் அலுவலகமே வாய்க்குள் சிரிக்கும். கமுக்கமாக நானே ஏற்றியிருக்கலாமே என்பீர்கள். ஏற்றினால், ஏற்றியவர் என்று என் பெயர் விழும். அந்த மருந்து உள்ளே போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும், மறைக்கவில்லை. தெரிந்துதான், "இருக்கும்மா, கவலைப்படாதே" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன்.

அந்த மருந்தையே ஊசியில் ஏற்றினார்கள். அம்மா போய்விட்டார்.

துக்கம் விசாரிக்க முதல் ஆளாகப் போனதும் நான்தான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"டூட்டி மாறி வேற நர்ஸ் ஊசியோட வந்தப்போ வாயாலயும் ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு எழுந்தேன் சார். நீங்களே பாத்து இருக்குன்னு சொன்னீங்களே, அவங்களுக்குத் திரையில தெரியும்னு உக்காந்துட்டேன்."

அத்தனை காலம் என் பேச்சை ஒரு தடவைகூட ஏற்றுக்கொள்ளாத பெண், ஐயா. அவள் மனதில் எனக்கு இவ்வளவு மதிப்பா என்று நினைத்தபோது, பெருமையில் எனக்கும் கண் கலங்கிவிட்டது.