ஏழு உசிலங்கன்று

பேயாண்டி: “கருப்பசாமிக்கு மட்டும் ஏன் மாமா நெழலு இல்ல?”ன்னு ஒம் மக சீனியம்மா கேட்டாளே... ஞாபகம் இருக்கா தங்கச்சி?

ஒச்சாயி: அது நாலு வருசத்துக் கதைண்ணே. நாளைக்குச் சிவராத்திரி. சாமி நகைப்பெட்டி தூக்கப் போறவன் மூஞ்சியப் பாரு! கருப்பனே உள்ள ஏறி உக்காந்துட்ட மாதிரி...

பேயாண்டி: நான் தூக்கல ஒச்சாயி.

ஒச்சாயி: பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்கா வர்ற மொறைண்ணே இது!

பேயாண்டி: கோயில்காட்டுல ஒரு மரம் வெட்டுனவன், ஏழு மரம் வளக்காம பெட்டியத் தொடக்கூடாதுல்ல? அந்தப் பெரிய உசில மரம்...

ஒச்சாயி: பெட்ரோலு கெடைக்காம கரியில பஸ்ஸு ஓடுன யுத்த காலம். கரிக்காரன் எவனோ வெட்டிட்டான். தலைக்குத் தேய்க்க உதுந்த தழை பொறுக்குன நாங்களே அழுது ஓஞ்சிட்டோம். சோறு ஆறுது, சாப்புடு.

பேயாண்டி: பேச விடு புள்ள! சீனியம்மாளுக்குக் காய்ச்சல்ல கண்ணு சொருகுச்சே... சிம்மக்கல்லுல மூட்டை தூக்கி மருந்து வாங்குனேன்னு சொன்னேனே, பொய்யி. மரத்தை வெட்டிக் கரிக்கு வித்தது நாந்தான்.

ஒச்சாயி: மொதல்ல சோத்துல கைய வையிண்ணே.

பேயாண்டி: நாளைக்குச் சபையில சொல்லிருவேன்.

ஒச்சாயி: காட்டுக்குப் போயிப் பாத்தியா?

பேயாண்டி: இம்புட்டு நாளா எந்த மூஞ்சிய வச்சுட்டுப் போறது? இன்னைக்குத்தான் போனேன். வெட்டுன தூரைச் சுத்தி உசிலங்கன்னு... இடுப்பு உசரம். ஆடு கடிக்காம இலந்தமுள்ளு வேற கட்டிருக்கு.

ஒச்சாயி: எத்தனை?

பேயாண்டி: ஏழு.

ஒச்சாயி: அப்பறமென்ன? தண்ணி ஊத்துனது யாருன்னு கருப்பன் கேக்க மாட்டான்.

பேயாண்டி: இரு இரு... வாசல்ல கெணத்த வச்சுக்கிட்டு, நாலு வருசமா விடியக்காலம் கொடத்தத் தூக்கிட்டு எங்க போன நீயி? எவகிட்டயோ வம்பளக்கப் போறேன்னுல்ல வஞ்சேன்!

ஒச்சாயி: வாய் வலிக்க வஞ்ச. “வாயாடிக் கழுத”ன்னு கூடச் சொன்ன.

பேயாண்டி: ஒச்சாயி...

ஒச்சாயி: சபையில சொல்லு, வேணாங்கல. மனசு லேசாகும். எம் பேர மட்டும் எடுத்துறாத.

பேயாண்டி: ஒனக்கு... எப்பத் தெரியும்?

ஒச்சாயி: மருந்து கொண்டாந்த மறுநாளே. ஒந்துண்டத் தொவைக்கப் போட்டேன்ணே. சவுக்காரமே போடல... தண்ணி பட்டதும் உசிலந்தழை நுரையாப் பொங்குச்சு. எம்புள்ள அன்னைக்குத்தான் எந்திரிச்சுக் கஞ்சி குடிச்சா. அவளுக்கு ஊட்டிட்டு, வெதை பொறுக்கப் போயிட்டேன்.