சத்தமில்லாத செயலி

வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு செயலியைத் தேர்ந்தெடுக்கும் முன், நாள் முழுக்க அதில் உட்காரப் போகிறவர்களைக் கேட்க வேண்டும். பெரும்பாலான அலுவலகங்களில் கேட்பதில்லை. விலையைப் பார்ப்பார்கள், பளபளப்பைப் பார்ப்பார்கள், வாங்கித் தலையில் கட்டிவிடுவார்கள். நான் அப்படிச் செய்யவில்லை, மேடம். ஒவ்வொருவராகக் கேட்டேன். அவளிடமும் கேட்டேன்.

எங்கள் வேலை லிஃப்ட் புகார் எடுப்பது. லிஃப்ட் பாதியில் நின்றால் உள்ளே மாட்டிக்கொண்டவர் பொத்தானை அழுத்துவார், அழைப்பு எங்களில் ஒருவருக்கு வரும். மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, அவர் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நாமாக லைனைத் துண்டிக்கக் கூடாது. எங்கள் வேலையில் மீறவே கூடாத விதி அது ஒன்றுதான்.

நாங்கள் ஐந்து பேர், ஐந்து வீடுகளில். பழைய செயலியில் ஒரு பொதுக் குரல் அறை இருந்தது. காலையில் நுழைந்தால் மாலை வரை எல்லார் மைக்கும் திறந்தே கிடக்கும். அதற்கு 'பெஞ்சு' என்று பெயர் வைத்திருந்தோம். ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்ததுபோல ஒருவர் வீட்டுச் சத்தம் அத்தனையும் மற்றவர் காதில் விழும். எங்களில் வயதானவரை 'பெரிசு' என்போம். அவர் வீட்டுக் குக்கர் விசிலை, எங்கள் ஐவரில் ஒருத்தியான அவள்தான் எண்ணுவாள்.

"பெரிசு, விசில் வந்துக்கிட்டே இருக்கு. நீங்க அணைக்கிறீங்களா, இல்ல ஃபயர் வண்டிக்குச் சொல்லட்டுமா?"

"நீ லிஃப்டைப் பாரும்மா, என் அடுப்பை நான் பாத்துக்கறேன்."

வேலையில் கெட்டிக்காரி. இருட்டில் மாட்டிக்கொண்டு அலறுகிற ஆளைக்கூடச் சிரிக்க வைத்துவிடுவாள். "நான் லைன்லயேதான் இருக்கேன், உங்களை விட்டுட்டு எங்கயும் போகமாட்டேன்" என்பாள். என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் வீட்டுக்காரர் வேலையில்லாமல் வீட்டோடு கிடந்தார். சில நாள் பின்னாலிருந்து அவர் குரல் ஏறும். மற்றவர்கள் பெரிய தொண்டைக்கார மனுஷன் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு விளங்கிவிட்டது. நான் கல் குவாரியில் வளர்ந்தவன். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு தகரம்தான். பகலெல்லாம் சம்மட்டி பிடித்த கை சாயங்காலம் அம்மாவிடம் வரும். வரும் முன் ஒரு குரல் உண்டு. ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று தாழும். தாழ்ந்தால் அடுத்தது அடி. அந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு இருமல் இருமுவார். சண்டைக்கு வரமாட்டார், சமாதானமும் சொல்லமாட்டார். இருமல் மட்டும்தான். கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும். ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய்விடுவார்.

ஆகவே அவள் வீட்டில் அந்தக் குரல் தாழ்ந்தபோது நான் இருமினேன். அவள் ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்திருந்தாள். உடனே அவர் குரலில் தேன் ஒழுகியது.

"தண்ணி ஏதும் வேணுமாம்மா?"

"ஆகா, குடுத்து வச்சவம்மா நீ" என்றார் பெரிசு. அவள் சிரித்தாள்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஒருநாள் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் சொன்னாள்: "உங்க இருமல் மட்டும் சரியாகவே கூடாதுண்ணே."

"வீட்ல டாக்டர்கிட்ட போகச் சொல்றாங்க."

"போயிடாதீங்க."

அதைப் பற்றி நாங்கள் வெளிப்படையாகப் பேசியது அவ்வளவுதான்.

பழைய செயலியின் காலம் முடிய இருந்தது. அதே சமயத்தில் குழுவுக்கு ஒரு தலைவர் போடுவதாகவும் பேச்சு. அவள் அல்லது நான். மேலாளர் என்னிடம் ஒளிக்கவில்லை. "மனசு அவ பக்கம்தான் போகுதுப்பா. நீ முதல்ல நல்ல செயலியா ஒண்ணு பாத்துக் குடு" என்றார். என் அப்பா கடைசிவரை தன்னைவிடச் சின்ன வயது மேஸ்திரிகளுக்குக் கை கட்டி நின்றவர். அந்தக் கட்டிய கை என் கண்ணுக்குள் நிற்கிறது. காரணம் என்று இதைச் சொல்லவில்லை. இருந்தது, சொல்கிறேன்.

மூன்று செயலிகளைப் பார்த்தேன். மூன்றாவதில் குரல் அறை கிடையாது. லிஃப்ட் அழைப்பு தனி லைனில் வரும், எங்களுக்குள் எல்லாம் எழுத்துதான். ஆளுக்கொரு புள்ளி. பச்சை என்றால் இருக்கிறார், சிவப்பு என்றால் வேலையாக இருக்கிறார், சாம்பல் என்றால் இல்லை. அனுப்பிய செய்தியை எதிராளி பார்த்துவிட்டால் குறி விழும். காலையில் மட்டும் காமெரா முன் முகம் காட்டி வருகையைப் பதிய வேண்டும்.

"எது வேணா எடுங்கண்ணே, பெஞ்சு இருக்கட்டும்" என்றாள்.

"கம்பெனி சத்தம் வேணாங்குது." அப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை.

"அப்ப உங்க இருமலை எங்க போய்க் கேக்கறது?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பிறகு குரலை இறக்கினாள். "தலைவர் வேலை வந்துச்சுன்னா தனியா வீடு பாத்துடுவேண்ணே. அதுவரைக்கும்தான்."

"பாக்கலாம்மா" என்றேன்.

மூன்றாவதைப் பரிந்துரைத்தேன். சத்தம் இல்லாவிட்டால் கவனம் கூடும் என்று எழுதினேன். அது பொய்யில்லை. புகார்கள் வேகமாக முடிந்தன, மேலாளர் பாராட்டினார். பெரிசு மட்டும், 'விசில் எண்ண ஆளில்லாம அடிப்பிடிச்சுப் போச்சு' என்று எழுதினார். யாரும் பதில் போடவில்லை.

என் கணக்கை நேராகவே சொல்கிறேன். முகம் வீங்கினால் காமெரா முன் உட்கார முடியாது. நியமனம் முடிவாகும் நேரத்தில் சில காலைகள் அவள் வராமல் போனால் போதும். அடி விழும் என்று தெரியும். எவ்வளவு விழும் என்று யோசிக்கவில்லை. அம்மா எத்தனை வாங்கினாலும் மறுநாள் எழுந்து கல் சுமக்கப் போனவள்தான்.

கணக்கு தப்பவில்லை. அவள் காலை வருகைக்கு வராமல் போகத் தொடங்கினாள். பல் வலி என்று எழுதினாள். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "என்னப்பா, நம்ப முடியாத ஆளா இருக்காளே?" என்றார். "நல்ல பொண்ணுதான் சார், வீட்ல ஏதோ பிரச்சினை போல" என்றேன். கரிசனமாகத்தான் சொன்னேன்.

அன்று மதியம் என் திரையில் அவள் செய்தி வந்தது. 'அண்ணே, ஒரு தடவை போன் பண்ணுங்க. பேச வேணாம், மணி அடிச்சாப் போதும்.'

போன் மேசைமேல், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. செய்தியை முழுக்கப் படித்தேன். படித்தேன் என்று அவளுக்குக் குறி விழுந்திருக்கும். அந்த வசதிக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்திருந்தேன். பிறகு என் பச்சைப் புள்ளியைச் சிவப்பாக மாற்றினேன். அவள் புள்ளி பச்சையாகவே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாம்பலானதும், சாப்பிடப் போயிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த அழைப்பை எடுத்தேன். யாரோ ஒரு பெரியவர், லிஃப்டில் மாட்டியிருந்தார். மெக்கானிக் கதவைத் திறக்கும்வரை அவர் லைனை நான் விடவில்லை. கேட்டுப் பாருங்கள், பதிவு இருக்கும்.

சாயங்காலம் எனக்கு நியமனம் வந்தது. மறுநாள் காலை அவள் செத்த செய்தி வந்தது.

அடித்தவர் உள்ளே இருக்கிறார். போன் பண்ணாததற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை என்று நீங்களே சொன்னீர்கள். அந்தக் குறியைப் பற்றி மட்டும்தான் விசாரிக்க வந்தீர்கள், இருமலை நானாகத்தான் சொன்னேன். எழுந்து போகும்போது, போன்தான் பண்ணவில்லை, வழக்கம்போல ஒரு இருமலாவது இருமியிருக்கலாமே என்றீர்கள்.

அந்தச் செயலியில் இருமினால் யாருக்கும் கேட்காது, மேடம். மற்ற இரண்டிலும் கேட்கும்.