செஸ் கிளப்புக்கு ஒரு கக்கூஸ்

போன வருஷம் நவம்பர் பதினாறாந் தேதி, ஞாயித்துக்கிழமை. காலைலேர்ந்து விடாத தூறல், சேலையூர் முழுக்க ஒரே சேறு. இவ்வளவு கரெக்டா எப்படிச் சொல்றேன்னு பாக்கறீங்களா? நீங்கதானே மேஸ்திரி கேட்டீங்க, இருபது வருஷமா இல்லாத கக்கூஸ் இப்ப எதுக்குத் திடீர்னு மாடியிலன்னு. டேப்பை அந்த மூலையில பிடிங்க, சொல்றேன். உடைஞ்ச மேஜையெல்லாம் எடுத்துடலாம். நாலடிக்கு நாலரை வரும். வராதா? அளந்து பாத்துட்டு அப்புறம் வராதுன்னு சொல்லுங்க.

ஆமா, செஸ் கிளப்புதான். கேரம் இல்ல. கீழ இருக்கற ஹார்டுவேர் கடைக்காரர் இன்னிக்கு வரைக்கும் கேரம்னுதான் நினைச்சிட்டிருக்கார். நான் செயலாளர். அதுக்கு முன்னாடி முப்பத்தோரு வருஷம் ரயில்வேயில டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் எடுக்காதவன் எங்க ஒளிவான்? கக்கூஸ்ல. கதவைத் தட்டித் தட்டியே என் விரல் முட்டி தேஞ்சிருக்கு. எனக்கு ரிட்டயர்மெண்ட் கொடுத்தாங்க, அந்தப் புத்திக்குக் கொடுக்கல.

இப்ப இருக்கறதைப் பாத்தீங்கல்ல? இருபத்திரண்டு படி இறங்கி, கடைக்குப் பின்னாடி சுத்திப் போய், ஆணியில மாட்டின சாவியை எடுத்து... போயிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள இங்க ராஜாவும் போயிருப்பார், ராஜ்யமும் போயிருக்கும்.

உங்க மச்சான் போன்ல செஸ் ஆடறாரா? வாழ்க. நானும் கொரோனா காலத்துல ஆரம்பிச்சேன். ரொம்பச் சௌகரியம். எதிராளிக்கு மூஞ்சி கிடையாது. பேரு பூனைன்னு இருக்கும், கொடி பிரேசில்னு இருக்கும். தோத்தா நெட்வொர்க் சரியில்ல. ஜெயிக்கும்போது மட்டும் நெட்வொர்க் பிரமாதமா இருக்கும். காயைத் தொட்டா ஆடியே தீரணுங்கற தொல்லையும் இல்ல. அதைவிட முக்கியம், பாதி உலகம் கக்கூஸ்ல உக்காந்துதான் ஆன்லைன்ல ஆடுது மேஸ்திரி. ஒருத்தரும் ஏன்னு கேக்கறதில்ல.

ஒருநாள் அந்த ஆப்லேர்ந்து ஒரு சேதி வந்துச்சு. போன வாரம் உங்களை ஜெயிச்சவன் கம்ப்யூட்டரைக் கேட்டுக் கேட்டு ஆடியிருக்கான், அவனை வெளியேத்திட்டோம், உங்க பாயின்டைத் திருப்பித் தர்றோம்னு. எனக்கு ஞானோதயமே ஆயிடுச்சு. அப்ப என்னை ஜெயிச்சவன் அத்தனை பேரும் திருடன்! அறுபத்தஞ்சு வயசுல இப்படி ஒரு நிம்மதி எவனுக்குக் கிடைக்கும்?

கிளப்புல என்னை ஜெயிக்கறது ஒரே ஆள்தான். ஜீவானந்தம்னு பேரு. பம்மல்ல தோல் பட்டறையில சூப்பர்வைசரா இருந்தவர். தொடர்ந்து ஆறு வருஷம் ஆண்டுக் கோப்பை அவருக்கு. ஆறு வருஷமும் ஃபைனல்ல தோத்தது யாருன்னு நீங்க கேக்க வேணாம். அவர் ஒரு ஆட்டத்துக்கு நாலு தடவை கீழ இறங்கிப் போவார். போகும்போது திணறிக்கிட்டிருப்பார், வந்து உக்காந்து ஒரு மூவ் வெப்பார், என் யானை காலி. பரிசோதகர் சும்மா இருப்பாரா?

போனா? வெச்சிருந்தார். பட்டன் போன். அதுல செஸ் வராது, டார்ச் மட்டும் நல்லா எரியும். அதையும் மேஜைமேலயே வெச்சிட்டுத்தான் போவார். அப்படின்னா இன்னொரு போன் இடுப்புல இருக்குன்னு நான் முடிவு கட்டினேன். எவ்வளவு கூர்மையான மூளை பாருங்க.

ஃபைனலுக்கு முன்னாடி நாள் ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். ஆட்டம் முடியும்வரை விளையாடுபவர் எவரும் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் தோற்றவராகவே கருதப்படுவார். அடியில செயலாளர் கையெழுத்து. கமிட்டி மொத்தமும் தலையாட்டுச்சு. ஜீவானந்தம் கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரெண்டு தடவை படிச்சார். சரி சார்னார். சர்க்கரை இருக்கு, வேற தொந்தரவும் இருக்கு, அடக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்னு ஒரு வார்த்தை சொல்லல. பத்து பேர் நிக்கற இடத்துல எந்த மனுஷன் அதைச் சொல்வான்?

மறுநாள்தான் நான் சொன்ன அந்தப் பதினாறாந் தேதி, பத்து மணிக்கு உக்காந்தோம். ஆளுக்கு ஒரு மணி நேரம். ஜன்னல் வழியா சிலுசிலுன்னு காத்து. பதினொன்றரைக்கெல்லாம் என் கதை முடிஞ்ச மாதிரிதான். இன்னும் நாலு மூவ்ல எனக்கு மேட். அந்த நிலைமையில அவர் கடிகாரத்தை நிறுத்திட்டுக் கையை நீட்டினார். நான் தோத்துட்டேன் சார்னார்.

ஜெயிக்கற ஆட்டத்தை ஏன் விட்டார்னு எங்களுக்குப் புரியல. எழுந்ததும் புரிஞ்சுது. பேன்ட், நாற்காலி, கீழ தரை. கர்ச்சீப்பை எடுத்து நாற்காலியைத் துடைக்க ஆரம்பிச்சார் மேஸ்திரி. கமிட்டி மொத்தமும் ஃபேனைப் பாத்துச்சு. பொத்தேரி காலேஜ்ல படிக்கற தீபான்னு ஒரு பொண்ணு, அன்னிக்கு மூவ் எழுதிக்கிட்டிருந்துச்சு. அது தன் தண்ணி பாட்டிலைக் கவுத்துட்டு, ஐயோ சாரி அங்கிள், கை பட்டுடுச்சு, உங்க மேலயும் கொட்டிட்டேன்னு சொல்லுச்சு. அந்த அறையில மனுஷப் பிறவின்னு இருந்தது அது ஒண்ணுதான்.

கோப்பை எனக்குத்தான். பின்னே, ரூல்னா ரூல். ஒருத்தர் கைதட்டினார், பாதியில நிறுத்திட்டார்.

போயிட்டு வர்றேன்னு அவரே கேட்டிருக்கலாமேங்கறீங்களா? கேக்கல. ஆனா பாத்தார். ஒருதரம் வாசலை, ஒருதரம் என்னை. அப்ப ஆட வேண்டியது நான். செக் வெச்சிருந்தார், ராஜாவை ஒரே ஒரு கட்டத்துக்குத்தான் நகத்த முடியும். நேத்துக் கத்துக்கிட்ட கொழந்தைகூடக் கண்ணை மூடிக்கிட்டு வெச்சிடும். நான் வெச்சிருந்தா, ரெண்டே நிமிஷத்துல ஆட்டத்தை முடிச்சிட்டுக் கௌரவமா இறங்கிப் போயிருப்பார். அதுவரைக்கும் அவர் ஒரு தடவைகூட இறங்கல, இறங்காமலே என்னை மடக்கிட்டார். திருட்டு ஒண்ணும் இல்லைன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. இருந்தும் கன்னத்துல கையை வெச்சிக்கிட்டுப் பதினோரு நிமிஷம் அப்படியே உக்காந்திருந்தேன்.

இல்ல மேஸ்திரி, யோசிக்கல. அவர் முழங்கால் நடுங்கறதைப் பாத்துக்கிட்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் இழுத்தா இறங்கிடுவார், கோப்பை எனக்கு வந்துடும்னு.

அதுக்கப்புறம் அவர் இங்க வரல. டிசம்பர்ல பம்மலுக்குப் போனேன். வீட்டுல இல்லைன்னு அவர் சம்சாரம் சொன்னாங்க. அவர் செருப்பு வாசல்லதான் கிடந்துச்சு. பொங்கலுக்கு மகள் ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்திருக்கு. இப்ப ஆன்லைன்ல ஆடறார், சொந்தப் பேர்லயே. நான் கூப்பிட்டா வருவார். இதுவரைக்கும் முப்பத்தெட்டு ஆட்டம், முப்பத்தெட்டும் அவர்தான் ஜெயிச்சார். ஒரு வார்த்தை பேசினதில்ல. மாடியிலயே கக்கூஸ் கட்டறோம், வாங்கன்னு போன ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு நடுவுல டைப் பண்ணி அனுப்பினேன். பதில் வரல. ஆட்டத்தை முடிச்சிட்டுப் போயிட்டார்.