கருமாதிப் பக்கத்தில் ஒரு வரவேற்பு

பாலக்காட்டுச் சித்தூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஒருவர் பெருமாட்டிப் பக்கத்துச் சமுதாயக் கூடமொன்றின் செக்ரட்டரி. மற்றவர் அந்தக் கூடத்துக்கு வெப்சைட் செய்து கொடுத்தவர்.

“ஏனுங்க, கருமாதிக்கு புக் பண்ற பக்கத்துல ‘நன்றி, மீண்டும் வருக’ன்னு போட்டிருக்கறீங்க. இழவு ஊட்டுக்காரங்க என்ற சட்டையப் பிடிக்காத குறைதானுங்க.”

“அது பிஎச்பிங்கற புரோகிராமுங்க. அந்த வரிய ஒரே ஃபைல்ல எழுதி வெச்சு, எல்லாப் பக்கத்துக்கும் அதையே கூப்பிட்டுக்கறதுங்க. பக்கம் பக்கமா எழுதறது முட்டாத்தனமுங்க.”

“அப்ப இது புத்திசாலித்தனமுங்களா?”

“எடுத்துர்லாமுங்க. ஆனா கல்யாணப் பக்கத்துலயும் போயிருமுங்க.”

செக்ரட்டரி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“போகட்டுங்க. கண்ணாலம் முடிச்ச மாப்பிள்ளைய எதுக்குங்க மறுக்கா வரச் சொல்லோணும்?”