ஏழாம் மாடிக்குப் போகும் லிஃப்ட்

எனக்கு டீ ஆறினால்தான் பிடிக்கும். அவசரக்காரன் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் நிறுவனம் லிஃப்டுகளை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலை எழுதுகிறது. முதல் சோதனை எப்போதும் நம் கட்டடத்து லிஃப்டில்தான். எந்த மாடிக்குப் போவது என்று தீர்மானிக்கும் பகுதியை, என் பிரிவில் மூத்தவரான அக்கா சி என்ற நிரல் மொழியில் எழுதியிருந்தார். படித்தால் யாருக்கும் புரியும். அதுதான் எனக்கு உறுத்தியது. நடுவில், சிப்புக்கு நேரடியாகக் கட்டளையிடும் அசெம்ப்ளி மொழியில் பதினோரு வரி செருகினேன்.

அக்கா பார்த்துவிட்டார். "ஏன் தம்பி, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவியா? சி-லயே ஓடுதே."

"வேகம் அக்கா."

"சரி, எந்தெந்த ரெஜிஸ்டரைத் தொட்டேன்னு கம்பைலர்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லாம இருப்பேனா?"

சொல்லவில்லை. ரெஜிஸ்டர் என்பது சிப்புக்குள் எண் வைக்கும் சிறு பெட்டி; அதில் ஒன்றை மறந்துவிட்டேன். நம் வரிகளைச் சிப்பின் மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலர் பாவம், அந்த ரெஜிஸ்டரில்தான் மாடி எண்ணைப் பத்திரமாக வைத்திருந்தது. நான் அதில் என் கணக்குக்கு வேண்டிய 7 என்ற எண்ணை வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

அன்று முதல் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் லிஃப்ட் ஏழாம் மாடிக்குப் போனது. அங்கே பல் மருத்துவமனை. நம் கணக்கர் மூன்று நாள் மரியாதையாகத் திரும்பி வந்தார். நான்காம் நாள், "வந்தது வந்தாச்சு" என்று ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். நல்ல பல்தான் என்று பிறகு தெரிந்தது.

பிழை அக்காவின் வரியில்தான் தலைகாட்டியது. என்ன நடக்கிறது என்று பார்க்க மாடி எண்ணைத் திரையில் காட்டச் சொல்லும் ஒரு பிரிண்ட் வரியை அவர் சேர்ப்பார். கம்பைலர் எண்ணை வேறு ரெஜிஸ்டருக்கு மாற்றிவிடும், லிஃப்ட் ஒழுங்காக ஓடும். அந்த வரியை எடுத்தால் மறுபடியும் பல் மருத்துவமனை. மூன்று வாரம் இப்படி. மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "அக்காவோட சி கொஞ்சம் பழசு சார்" என்றேன். பெருந்தன்மையாக, மெதுவாகத்தான் சொன்னேன்.

இரண்டாம் நாளே எனக்குக் காரணம் தெரியும். ஒரே ஒரு வார்த்தை, விட்டுப்போன அந்த ரெஜிஸ்டரின் பெயரைச் சேர்த்தால் போதும். ஆனால் திருத்தியவர் பெயர் பதிவாகுமே. அக்காவைப் பயனர் கையேடு எழுத அனுப்பினார்கள். "லிஃப்டுக்குள் குதிக்காதீர்கள்" என்ற அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருக்கிறார். அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. நாற்காலிக்காக நான் எதுவும் செய்யவில்லை. சுழலும் நாற்காலி, அவ்வளவுதான்.

ஆம், அந்தப் பதினோரு வரிகளும் என்னுடையவை. அக்காவின் சி-யில் ஒரு குற்றமும் இல்லை. எல்லாம் வேகத்துக்காகத்தான் செய்தேன். மிச்சமானது ஒரு நொடியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. சிறிதென்று நினைக்காதீர்கள், நேரத்தின் அருமை தெரிந்தவன் நான்.

இந்த விசாரணைக்குக் கால் மணி நேரம் தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும். பதினோராம் மாடி அல்லவா. இன்றும் நான் படியில்தான் ஏறுகிறேன்.