பல் செட் வீடியோவுக்குக் கையெழுத்துப் போட்டது யார்

பெயர் சூடாமணி. வயது 77. கணவர் காலஞ்சென்ற வெங்கடசுப்ரமணியன். விலாசம் கிழக்கேகோட்டை அக்ரஹாரத் தெரு, சொந்த வீடு. மலையாளம் தெரிந்தாலும் தமிழில் சொல்ல விரும்பியதால், தமிழ் தெரிந்த ஹெட் கான்ஸ்டபிள் வேலப்பன் எழுதிக்கொள்கிறார்.

புகார் கொடுத்துள்ள வினய் என் ஒரே மகன். பெங்களூரில் வேலை. புகாரில் உள்ள டாக்டர் அனுஷா ஆரியசாலையில் பல் கிளினிக் நடத்துகிறார். ஜிபின் அந்தக் கிளினிக்கின் ஃபேஸ்புக் பக்கத்தையும் பிளாக்கையும் கவனித்துக்கொள்பவர்.

2023 ஜூன் மாதம் என் கணவருக்கு அங்கே முழுப் பல் செட் வைத்தார்கள். புதுப் பல்லோடு பேச்சு தெளிவாக வருகிறதா என்று பார்ப்பது வழக்கமாம். டாக்டர், "அங்கிள், ச-ல தொடங்குற ஏதாவது ஒண்ணு சொல்லுங்கோ, நோக்கட்டும்" என்றார். ஜிபின் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். என் கணவர் சற்று யோசித்து "சூடாமணி" என்றார். டாக்டர் "இன்னொரு தடவை" என்றதும் மறுபடியும் சொன்னார், பிறகு சிரித்தார். கல்யாணமாகி ஐம்பத்திரண்டு வருஷத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கேட்டியா" என்றுதான் கூப்பிடுவார். எங்கள் தெருவில் அவர் வயதுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான்.

அதன் பிறகு ஆட்டோவில் வரும்போது, "ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டப்படாதுன்னு அந்தப் பையன்கிட்ட சொல்லிடு" என்றார். மறுநாள் போன் செய்து ஜிபினிடம் சொன்னேன். வீடியோ அப்போது வெளிவரவில்லை.

2024 பிப்ரவரியில் கணவர் காலமானார். அதற்கு இரண்டு மாதம் கழித்து நான் தனியாகக் கிளினிக்குக்குப் போய், அந்த வீடியோ இருக்கிறதா என்று ஜிபினிடம் கேட்டேன். "உண்டு அம்மே, வாட்ஸ்ஆப்பில் அனுப்பித் தரட்டே?" என்றார். என் போனில் வருவதெல்லாம் மகனுடைய கம்ப்யூட்டரிலும் தெரியும்படி அவன் செய்துவைத்திருக்கிறான். இதைக் கேட்டு வாங்கினேன் என்று அவன் அறிவதை நான் விரும்பவில்லை. எனவே உங்கள் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள், மற்றவர்களைப் போல நானும் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஜிபின், "அங்கிள் வேண்டான்னு பறஞ்சதல்லே?" என்று தயங்கினார். பிற்பாடு என் கணவர் மனம் மாறி, நீங்கள் அப்போது தந்த அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார், அது வீட்டில் இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்று சொன்னேன். அது பொய். அன்று வீட்டில், நிரப்பாமல் கிடந்த அந்தப் படிவத்தில் 2023-ஆம் வருஷத்துத் தேதியிட்டு, கணவரின் கையெழுத்தை நானே போட்டேன். மறுநாள் படிவத்தைக் கொடுத்தபோது, வீடியோவோடு சேர்த்துப் போட ஜிபின் எழுதியிருந்த ஆங்கிலப் பிளாக் கட்டுரையைக் காட்டினார். அதில் பதினொரு பிழைகள் இருந்தன. நான் படித்தது கன்னியாஸ்திரீகளின் ஆங்கிலப் பள்ளியில். அவற்றைத் திருத்தாமல் விட என்னால் முடியவில்லை.

அதன் பிறகு தினமும் காலை காபிக்குப் பின் அந்த வீடியோவைப் பார்த்துவந்தேன். வேறு நேரத்தில் பார்ப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் அதை மீறியிருக்கிறேன்.

சென்ற மாதம் கிளினிக்காரர்கள் அதை விளம்பரமாகப் பரப்பியதில் பல்லாயிரம் பேர் பார்த்தார்கள். "அங்கிளே, ஆரா ஈ சூடாமணி? பழைய லைனா?" என்று, பழைய காதலியா என்ற பொருளில், ஒருவர் கீழே எழுதியிருந்தார். என் மகனுடைய ஆபீஸ்காரர் ஒருவர் அதை அவனுக்கு அனுப்பியிருக்கிறார். வினய் போனில், "அப்பாவை வச்சு பல் விக்கறா, நீ பாத்துண்டு சும்மா இருக்கியா?" என்று கத்தினான். அதன் பிறகுதான், அப்பாவின் அனுமதியில்லாமல் வீடியோவைப் போட்டார்கள் என்று புகார் கொடுத்தான். டாக்டர் மீதும் ஜிபின் மீதும் குற்றமில்லை. அவர்கள் என் வார்த்தையை நம்பினார்கள். படிவத்திலுள்ள கையெழுத்து என்னுடையது.

வீடியோவைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட ஆட்சேபம் உண்டா என்று கேட்கப்பட்டது. வெளியே போடக் கூடாது என்பது என் கணவரின் சொல். அதை நான் மீறினேன். எடுத்துவிட வேண்டியதுதான்.

வீடியோவில் இருப்பவரை அடையாளம் காட்டுவதற்காக இன்று ஸ்டேஷனில் எனக்கு அதைப் போட்டுக் காட்டினார்கள். அவர் என் கணவர்தான். குரல் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி மேலும் இரண்டு தடவை போடச் சொன்னேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். முதல் தடவையே கேட்டது. அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

வாசித்துக் காட்டியதைக் கேட்டேன். சொன்னபடியே உள்ளது, யாவும் உண்மை.

(ஒப்பம்)
சூடாமணி