தானா ஓடுற எலி

“…சக்கரத்துல தானா ஏறி ஓடுன எலிக்கு மூளையில ஏதோ நல்லது ஊறி, பயம் கொறஞ்சிருக்குதுங்க. நம்ம பாப்பா எலிக்கூண்டு கழுவற காலேஜுல சொன்னாங்களாம்.”

மலையேறும் பேருந்தில் என் முன்னிருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். போன தடவை மிளகு பறிக்கும்போது கணவர் கொடி படர்ந்த பலா மரத்திலிருந்து விழுந்திருக்கிறார். கால் கூடிவிட்டது, பயம் போகவில்லை. இன்றுபோல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் தவிர, வீட்டைவிட்டு இறங்குவதே இல்லையாம்.

“எலி என்ன மொளகு பறிக்க மரமா ஏறுது, பயம் வர்றதுக்கு?”

“நீங்களுந்தான் ஏறறதில்ல. கொடியில மொளகு திரண்டு நிக்குது. இந்த வருசம் ஆரு ஏறுவா?”

“என்னையும் கூண்டுல போட்டுரு, ஓடறேன்.”

“கூண்டுலதான கெடக்கறீங்க. சக்கரந்தான் இல்ல.”

அவர் சிரித்துவிட்டார். “செரி, வெரட்டி ஓடவிட்ட எலிக்கு என்னாச்சாம்?”

“அதுக்குப் பயம் இன்னும் சாஸ்தியாயிருச்சாம்.”

“பாரு. ஆறு மாசமா எம்பொறத்தால நின்னுக்கிட்டு நட நடன்னு வெரட்டறியே. எலிக்கு இருக்கற நாயம் எனக்கு இல்லியா?”

“நாயந்தானுங்க. இனிமே பொறத்தால நிக்க மாட்டேன்.”

வளப்பூர் நாடு என்ற மலையூரில் அவர்கள் இறங்க வேண்டிய இடம் வந்தது. அந்த அம்மா அவரைக் கைபிடித்து இறக்கினார். பிறகு கணவரின் இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை உருவிக்கொண்டு மண்பாதையில் நடக்கத் தொடங்கினார்.

“ஏ புள்ள, பையக் குடுத்துட்டுப் போ.” அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விரைந்தார்.

அந்த அம்மா திரும்பிப் பார்க்காமல் நடையை எட்டிப் போட்டார்.